எட்டாவது ஆள்

வெளிநடப்பு செய்வதில் ஹரிகிருஷ்ணனை மிஞ்ச இந்த ஊரில் ஆள் கிடையாது. நகராட்சிக் கூட்டத்தன்று காலையில் அவர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டினாலே, இன்றைக்கு எதிர்க்கட்சி எழுந்து போகப்போகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மாடிப்படிக்குக் கீழே போட்டோகிராபர் காத்திருப்பார். அவரும் அவர் கட்சிக் கவுன்சிலர்களுமாக ஏழு பேரும் கோஷம் போட்டபடி இறங்குவார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும். ஒருமுறை போட்டோகிராபர் வர லேட்டாகிவிட்டது என்று, மனுஷன் திரும்ப மாடியேறிப் போய் இன்னொரு தடவை வெளிநடப்பு செய்தார்.

இதெல்லாம் வேளாங்கண்ணிக்குத் தெரியாததா என்ன? தெரிந்தும் நம்பினாளே, அதை என்ன சொல்ல!

வேளாங்கண்ணி சுயேச்சைக் கவுன்சிலர். மார்க்கெட் வாசலில் வாழைப்பழம் விற்றவள். விடியற்காலையில் வாழைத்தார் இறக்க வந்தால் இருட்டிய பிறகுதான் வீடு. அந்தக் காலத்தில் பெண்களுக்கு அங்கே ஒதுங்க இடம் இல்லை. அதனால் அவர்கள் யாரும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டாலும் ஒரு வாய், அவ்வளவுதான். அப்படி அடக்கி அடக்கி அவளுக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலில் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிறகு எவர் எவர் காலிலோ விழுந்து, மனுக் கொடுத்து, மார்க்கெட் பின்பக்கம் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை வந்தது. தேர்தலில் அவள் நின்றபோது கீரைக்காரிகளும் பூக்காரிகளும் அதை நினைத்துத்தான் தெருத்தெருவாகப் போய் ஓட்டுக் கேட்டார்கள்.

இப்போது அதை இடிக்கத் தீர்மானம் வந்திருக்கிறது. சனி ஞாயிறுகளில் வெளியூர்க் கார்கள் வந்து குவிகின்றனவாம், நிறுத்த இடமில்லையாம். மாற்றுக் கழிப்பறை ‘பின்னர்’ கட்டித் தரப்படுமாம். நகராட்சியில் பின்னர் என்றால் பேரப்பிள்ளை காலம்.

மன்றத்தில் மொத்தம் பதினைந்து பேர். தலைவர் சுப்பிரமணியனைச் சேர்த்து ஆளுங்கட்சி ஏழு, எதிர்க்கட்சி ஏழு, நடுவில் வேளாங்கண்ணி ஒருத்தி. எதிர்க்கட்சியும் அவளும் சேர்ந்து கையைத் தூக்கினால் தீர்மானம் தோற்றது. முதல் நாளே ரெட்டியார்பாளையத்து வீட்டுக்கே போய் ஹரிகிருஷ்ணனைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கவலைப்படாத தங்கச்சி. ஏழு பேரும் எதிர்த்துதான் போடுவோம். இது என் வாக்கு," என்றார் அவர். காப்பி வேறு கொடுத்தார்.

மறுநாள் கூட்டத்துக்கு அவர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். வேளாங்கண்ணிக்கு அப்போதே பகீரென்றது.

விவாதம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. ஆளுங்கட்சியின் லூர்துபிரகாஷ் எழுந்து, டூரிஸ்ட் வந்தால்தான் ஊருக்குப் பிழைப்பு என்றான். வேளாங்கண்ணி எழுந்தாள்.

"கார் நிக்க எடம் வேணும்தான், நான் இல்லன்னு சொல்லல. அதுக்குப் பொம்பளைங்க ஒதுங்கற எடந்தான் கெடச்சுதா? கூனிச்சம்பட்டுலேருந்தும் திருக்கனூர்லேருந்தும் கீரை தூக்கிட்டு வர்றாங்களே, அவங்க எங்க போவாங்க? நீங்க சொவத்தோரம் நின்னுடுவீங்க. நாங்க?"

எதிர்க்கட்சி வரிசையில் மேசையைத் தட்டினார்கள். சுப்பிரமணியன் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். அவர் வேளாங்கண்ணியை விட்டுவிட்டு ஹரிகிருஷ்ணன் பக்கம் திரும்பி, மெதுவாகச் சிரித்தார்.

"அந்தக் கக்கூச கட்டுனது யாரு? உங்க ஆட்சி. அதான் இந்த நாத்தம்."

போதுமே! ஹரிகிருஷ்ணன் எகிறினார். "என் கட்சித் தலைவர் ஆட்சியையா நாத்தம்ங்கற? மன்னிப்புக் கேளு! இல்லன்னா வெளிநடப்பு!"

"அண்ணே, உக்காருங்கண்ணே!" வேளாங்கண்ணி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். "ஓட்டப் போட்டுட்டு அப்புறம் போங்கண்ணே. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்."

"தன்மானம்னு ஒண்ணு இருக்குதுல்ல தங்கச்சி," என்றார் அவர். ஏழு பேரும் கோஷம் போட்டபடி படியிறங்கிப் போனார்கள். கீழே கேமரா பளிச் பளிச்சென்று அடித்தது.

வேளாங்கண்ணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தன்மானமாம் தன்மானம்! அவர் வீட்டுப் பெண்களை ஒரே ஒரு நாள் மார்க்கெட்டில் உட்கார வைத்தால் தெரியும். ஆனாலும் அவள் போகவில்லை. தோற்றாலும் பரவாயில்லை, எதிர்த்து ஓட்டுப் போட்டவள் ஒருத்தி இருந்தாள் என்று எழுதப்படட்டும் என்று நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

"பாத்தீங்களா, அம்மாதான் பொறுப்பான உறுப்பினர்," என்றார் தலைவர். "யாருப்பா அங்க, அம்மாவுக்கு டீ குடு. பிஸ்கட்டும் வை."

டீ வந்தது. அவளுக்கு உறைத்தது அப்போதுதான். இந்த ஒன்றரை வருஷத்தில் இந்த ஆள் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்ததில்லை. அவள் பேச எழுந்தால் மைக்கை அணைப்பதுதான் வழக்கம். இன்றைக்கு மட்டும் பிஸ்கட் எதற்கு?

தலைவருக்குப் பக்கத்தில் எழுத்தர் அருள்முருகன் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் விரல் வேளாங்கண்ணியிடம் வந்து நின்றது. "எட்டு இருக்குது சார். கோரம் இருக்குது," என்றார் தாழ்ந்த குரலில்.

கோரம். பாதிக்கு மேல் ஆள் இருந்தால்தான் தீர்மானத்தை ஓட்டுக்கு விட முடியும். பதினைந்தில் எட்டு. அவர்கள் ஏழு பேர். எட்டாவது ஆள் அவள்.

அட கடவுளே, இத்தனை நேரம் வீரமாக உட்கார்ந்து அவர்களுக்கு நாற்காலியை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாளா! எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் அவள் கையாலேயே அது நிறைவேறும். எழுந்து "நானும் வெளிநடப்பு" என்றால்? கதவை எட்டுவதற்குள் தலைவர் "நிறைவேறியது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். எத்தனையோ தடவை பார்த்தாயிற்று.

தலைவர் தாளைக் கையில் எடுத்தார்.

"தலைவரே," என்று எழுந்தாள். "ஒரு நிமிஷம். பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

லூர்துபிரகாஷ் குனிந்து சிரித்தான். தலைவருக்குச் சங்கடமாகப் போயிற்று. பெண்பிள்ளை கேட்கும்போது போகாதே என்று எப்படிச் சொல்வது? டீயும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். "போயிட்டு வாங்கம்மா. வெயிட் பண்றோம்."

வராந்தாவின் கோடியில் ‘மகளிர்’ என்று எழுதிய கதவு இருந்தது. வேளாங்கண்ணி அதைத் தாண்டினாள். படியிறங்கினாள். ஹரிகிருஷ்ணன் கீழே பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார், அவரையும் தாண்டினாள். ரோட்டுக்கு வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மார்க்கெட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

மார்க்கெட் பின்பக்கம் வழக்கம்போல வரிசை நின்றது. அவளும் கடைசியில் போய் நின்றாள். முன்னால் நின்ற கீரைக்கார ராஜாம்பாள் திரும்பிப் பார்த்தாள்.

"அடியாத்தே, கவுன்சிலரு! முன்னால போ கண்ணு. மீட்டிங் இல்ல உனக்கு?"

"வேணாங்க்கா. வரிசையிலயே வரேன்."

போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. கொஞ்ச நேரத்தில் லூர்துபிரகாஷே பைக்கில் வந்து இறங்கினான். வரிசையைப் பார்த்ததும் அவன் கால் பின்வாங்கியது. பூக்காரி அஞ்சலாட்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆம்பளைக்கு இங்க என்னாய்யா வேல?"

"இல்லம்மா... வேளாங்கண்ணி அக்காவ கூட்டிட்டுப் போவணும். அவசரம்."

"அவசரமா? இங்க நிக்கிற எல்லாருக்கும் அவசரம்தான். தள்ளிப் போ!"

வரிசையே கொல்லென்று சிரித்தது. லூர்துபிரகாஷ் வேளாங்கண்ணியைப் பார்த்துக் கும்பிடுவதுபோல் கையைத் தூக்கினான். "அக்கா, அரை மணி நேரம் கோரம் இல்லன்னா கூட்டத்தையே தள்ளி வெக்கணும்க்கா. தலைவர் என்னைக் கொன்னுடுவாரு."

"என்ன தம்பி பண்றது, அடக்க முடியல," என்றாள்.

அவன் கொஞ்சம் தள்ளிப் போய் மரத்தடியில் நின்றான். போனில் தலைவர் போடுகிற சத்தம் வரிசை வரைக்கும் கேட்டது. "ஆமா சார்... லைன்ல நிக்கிறாங்க சார்... இல்ல சார், முன்னால நெறைய பேரு... எப்பவும் இவ்ளோ பேரு இருப்பாங்களான்னு எனக்கெப்படி சார் தெரியும்?"

அந்த வரிசையில் வேளாங்கண்ணி எத்தனையோ வருஷம் நின்றிருக்கிறாள். சீக்கிரம் நகரவேண்டும், மாதாவே, சீக்கிரம் நகரவேண்டும் என்றுதான் எப்போதும் வேண்டியிருக்கிறாள். இன்றைக்குத்தான், நகரவே கூடாது என்று வேண்டிக்கொண்டாள். அடுத்த மாதம் தீர்மானம் திரும்ப வரும், தெரியும். அதற்குள் ஹரிகிருஷ்ணன் வீட்டுக்குப் போய், அவரிடம் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு வராமல், அவர் வீட்டுப் பெண்களிடம் பேசவேண்டும்.

ராஜாம்பாளின் முறை வந்தது. உள்ளே போகுமுன் அவளுக்கு ஒரு சந்தேகம்.

"ஏண்டி கண்ணு, அவ்ளோ பெரிய கட்டடம், அங்க உங்களுக்குக் கக்கூஸ் கட்டி வெக்கலியா?"

"இருக்குதுக்கா," என்றாள் வேளாங்கண்ணி. "அங்க போயிட்டு நாற்காலிக்குத் திரும்பியிருந்தா, நாளைக்கு உனக்கு இது இருக்காது. நீ அவசரப்படாம போயிட்டு வா."