ஷூ கடைக்கு நாலு கடை முன்னால்

சனிக்கிழமை காலை சந்தையிலிருந்து திரும்பும்போது, மேட்டுத் தெருவில் ஏறிக்கொண்டிருந்த என் கணவன் எம்லின் திடீரென்று நின்றான். எதிரே மூடிக் கிடந்த வங்கி. அதன் இரும்புக் கதவை உற்றுப் பார்க்க ஆரம்பித்தான். அந்த வங்கியை மூடி இரண்டு வருடம் ஆகிறது; கதவில் பார்க்க ஒரு மண்ணும் இல்லை. ஆனால் அந்தப் பார்வை எனக்குத் தெரியும். போன வருடம் அதை நம்பித்தான் ஏமாந்தேன்.

எங்கள் வேல்ஸ் ஊரில் சமதளம் என்று ஒன்று கிடையாது. ஏறு, இல்லையென்றால் இறங்கு. போன வருடம் அவன் நின்ற இடம் இன்னும் நாலு கடை மேலே இருக்கிற ஷூ கடை. மழை கொட்டினாலும் அங்கே நின்று கண்ணாடிக்குள் பார்ப்பான். சரியான கஞ்சன், ஆசையை வாய்விட்டுச் சொல்ல வெட்கம் போல என்று நினைத்து, பிறந்தநாளுக்கு அந்தப் பழுப்பு நிற ஷூவை வாங்கி வைத்தேன். பெட்டியைத் திறந்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

"இது எதுக்குடி எய்ர்லிஸ்?"

"எதுக்கா? கண்ணு கொட்டாம இதைத்தானே பாத்துக்கிட்டு நின்ன!"

"நான் எங்க ஷூவைப் பாத்தேன்? மேடு ஏறினா நெஞ்சு இறுக்குது. அது விடுற வரைக்கும் எதையாவது பாக்கணும்ல?"

எட்டு மாதமாக மறைத்திருக்கிறான், பாவி. எல்லாம் அவன் ஓட்டிவந்த அந்த இருபத்தொன்றாம் நம்பர் பஸ்ஸுக்காக. நெஞ்சுவலிக்காரனை பஸ் ஓட்ட விடமாட்டார்கள். திட்டித் தீர்த்துவிட்டு, சமையலறைக்குப் போய் அழுதேன்.

படமெடுத்துப் பார்த்ததில், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருப்பது தெரிந்தது. டாக்டர் பெவன் மாத்திரைகளும், நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ள ஒரு ஸ்ப்ரேயும் கொடுத்தார். "எப்பவும் அதே மேடு, அதே இடம், நின்னா சரியாயிடுது. இதோட வருஷக்கணக்கா வாழலாம். ஆனா வழக்கத்தை விடச் சீக்கிரமா வந்தாலோ, சும்மா உக்காந்திருக்கும்போது வந்தாலோ, யோசிக்கவே கூடாது. உடனே ஆம்புலன்ஸ்" என்றார். அவனிடம் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார்.

அன்றோடு பஸ் நின்றது. மாத்திரை நன்றாகவே கேட்டது. ஏழு வாரமாக ஷூ கடையை நிற்காமல் கடந்துகொண்டிருந்தான். வரும் புதன்கிழமை ட்ரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பரிசோதிப்பார்கள். தேறினால் பஸ் திரும்பக் கிடைக்கும். சீருடைச் சட்டையை அவனே இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறான். இன்றைக்குப் பார்த்து இந்த வங்கிக் கதவு.

"என்ன பாக்குற?" என்றேன்.

"பெயிண்ட் உரிஞ்சிருக்கு பாரு. ஒருத்தனும் கவனிக்கிறதில்ல."

"எம்லின். ஷூ கடைக்கு இன்னும் நாலு கடை இருக்கு."

பிப்ரவரிக் குளிரில் மூக்கின்மேல் வேர்வை முத்து முத்தாக நின்றது. தோளைப் பிடித்து வங்கிப் படியில் உட்காரவைத்தேன். அவன் பையைத் துழாவி ஸ்ப்ரேயை எடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி அடித்தேன். குழந்தை மாதிரி திறந்தான். பிறகு என் போனை எடுத்தேன். மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"போடாதடி. புதன்கிழமை வரைக்கும் பொறு. அப்புறம் நீ சொல்றதெல்லாம் கேக்குறேன்."

முப்பத்தாறு வருடத்தில் அவன் என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. அந்தச் சட்டை கண்முன் வந்து நின்றது. நாலு நாள்தானே என்று ஒரு மனம் சொல்லவும் செய்தது, வெட்கமில்லாமல். இன்னொரு கையால் எண்ணை அழுத்தினேன்.

"ஆம்புலன்ஸ். எந்த இடம்மா?" என்றாள் ஒரு பெண்.

"மேட்டுத் தெரு" என்றேன். அடுத்து வாயில் வந்தது இதுதான்: "ஷூ கடைக்கு நாலு கடை முன்னால."

அப்போது மேலேயிருந்து இருபத்தொன்று இறங்கி வந்தது. புதிதாக ஓட்டும் பெண் எம்லினைப் பார்த்து ஹார்ன் அடித்தாள். அவன் என் மணிக்கட்டை விட்டான். முதுகை நிமிர்த்தி, வெயில் காய உட்கார்ந்தவன்போலச் சிரித்து, கையை உயர்த்தினான். பஸ் சந்தை வளைவில் திரும்பி மறைந்த பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.