பத்து மணி வெயில்

புந்தோங்கில் எங்கள் வீட்டு வாசலில் காலை பத்து மணிக்கு நல்ல வெயில் அடிக்கும். அதில் கால் மணி நேரம் உட்கார எனக்கு அனுமதி இல்லை. தடை போட்டவள் என் அண்ணன் மனைவி விமலா.

எனக்குத் தொழுநோய். மருந்து தொடங்கி ஆறு மாதமாகிறது. இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் அண்ணியிடமே சொன்னார். அவள் காதில் ஏறவில்லை. அவள் மகள் ஷாமினிக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். அதனால் பிரமிளா, அதாவது நான், பீடோர் டவுனில் வேலைக்குப் போய்விட்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். கிளினிக்குக்குப் போவதென்றால் வீட்டுக்குள்ளேயே ஹெல்மெட்டை மாட்டி, ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டு, திருடியைப் போல மோட்டார் சைக்கிளில் ஏறி ஓட வேண்டும்.

போன வாரம் ரத்தம் சோதித்த டாக்டர், வைட்டமின் டி ரொம்பக் குறைவு என்றார்.

"கிருமியக் கொல்றது மருந்துதான். ஆனா உங்க உடம்பும் சண்ட போடணும்லா. அதுக்கு இது வேணும். மாத்திர தாரேன். காலையில கொஞ்சம் வெயில்லயும் உட்காருங்க."

ஆறு மாதமாக ஜன்னல் திறக்காத அறையில் கிடப்பவளுக்கு வேறு எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று நாற்காலியைத் தூக்கிவந்து வாசலில் போட்டு, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்தேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணி பாய்ந்து வந்தாள்.

"உள்ள போ! யாராச்சும் பாத்தா என் பொண்ணு வாழ்க்க ஹாபிஸ், முடிஞ்சிச்சி!"

"டாக்டர் சொன்னாரு அண்ணி. கால் மணி நேரம்தான்."

"வெயிலு வேணும்னா பீடோருக்கே போய் உட்காரு. மானம் இல்ல ஒனக்கு?"

நான் அசையவில்லை. தெருவிலிருந்து என்னை மறைக்க, ஈரச் சேலையை விரித்துப் பிடித்தபடி எனக்கு முதுகு காட்டி நின்றாள். கை உயர்ந்ததில் முழங்கைக்கு மேலே ஒரு தேமல் தெரிந்தது. அதன்மேல் கிரீம் பூசியிருந்தது.

"அது என்னா அண்ணி கையில?"

"பானாவ்லா, சும்மா தேமலு. மூணு வருஷமா கிரீம் போடுறேன், போவ மாட்டேங்குது."

என் கையில் வந்ததும் பானாவ் என்றுதான் சொன்னாள். அதே கிரீமைத் தந்தாள். அதைப் பூசிப் பூசியே நான் ஒரு வருடத்தைத் தொலைத்தேன். கடைசியில் டாக்டர் அதில் ஊசியால் குத்திப் பார்த்தபோது எனக்கு உறைக்கவே இல்லை, அதை வைத்துத்தான் தொழுநோய் என்றார்.

காலடியில் கிடந்த துணி கிளிப்பை எடுத்தேன். அண்ணியின் தேமலைச் சதையோடு சேர்த்துக் கவ்வவிட்டேன். அண்ணி திரும்பவில்லை. தெருவைப் பார்த்து என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள். கிளிப் அவள் கையில் தொங்கியது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். சொல்ல வெட்கமில்லை. என் தேமலுக்கு ஒன்றரை வயது, அவளுடையதற்கு மூன்று. பிறகுதான் அவளைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, கையப் பாருங்க."

பார்த்தாள். கிளிப்பைப் பிடுங்கினாள். அந்த இடத்தை நகத்தால் கிள்ளினாள், இன்னொரு முறை கிள்ளினாள். சேலை கீழே விழுந்தது.

நான் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன்.

"உட்காருங்க. நாளைக்கு கிளினிக்குக்குப் போலாம். என் ஜாக்கெட்டத் தாரேன், திருப்பிப் போட்டுக்குங்க."