கொலைகாரன் ரொட்டி தின்னக் கூடாது

திரில்லர் படம் எடுக்கப்போவதாக நுர்சாத் சொன்னதும் அவளுடைய அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "அதுல கல்யாணம் எவ்வளவு நேரம் வருது?" என்பதுதான்.

"கல்யாணமே கிடையாதுண்ணே. கொலை."

"கொலைக்கு அப்புறமாவது சாப்பாடு போடுவாங்களா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அண்ணனும் தங்கையும் சேர்ந்து கொச்கோர் வட்டாரத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் வீடியோ எடுக்கிறவர்கள். நான் அவர்களுக்கு ஒலிப்பதிவு பார்க்கிறவன். எங்கள் கேமராவுக்குத் தெரிந்ததெல்லாம் மணப்பெண்ணின் அழுகையும் மேசை நிறைய ஆட்டுக்கறியும்தான்.

நுர்சாத் அண்ணனிடம் ஒரு வாக்குக் கொடுத்தாள். படம் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு தியேட்டரிலாவது ஓட வேண்டும். ஓடாவிட்டால் சினிமாப் பேச்சையே விட்டுவிட்டு, ஆயுசு முழுக்கக் கல்யாணக் கேமராவோடு நிற்பாள். அண்ணன் நல்ல மனுஷன்தான், ஆனால் முன்யோசனைக்காரர். இரண்டு பேர் முகத்தையும் போட்டு, 'அண்ணன் தங்கை கல்யாண வீடியோ, பழைய அன்பு, புதிய கேமரா' என்று பேனர் அடித்து, சுருட்டிக் கொட்டகையில் வைத்துவிட்டார். நுர்சாத் கொட்டகைப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டாள்.

பிஷ்கெக்கில் தியேட்டர்க்காரர் ஒருவர் கிடைத்தார். ஒஸ்மோன்பெக் என்று பெயர். சொந்தக்காரர் வீட்டு விருந்துக்கு எங்கள் ஊருக்கு வரப்போகிறவர். வந்த இடத்தில் கலாச்சார மன்றத்தில் ஊர் ஜனங்களோடு உட்கார்ந்து படத்தைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். "ஜனங்க பயந்தா ஒரு வாரம் ஓட்டுறேன்மா. சிரிச்சா, எனக்கு வேற வேலை இருக்கு" என்று தொலைபேசியில் சொன்னதை நானும் கேட்டேன்.

நுர்சாத் திரில்லர்களைப் பார்த்துப் பார்த்து அவற்றின் சட்டங்களை விரல்நுனியில் வைத்திருந்தாள். கொலைகாரனின் முகத்தை முதலில் காட்டக் கூடாது, பூட்ஸைத்தான் காட்ட வேண்டும். கையில் கறுப்புக் கையுறை கட்டாயம். கதாநாயகியின் போனில் சிக்னல் இருக்காது. கார் கிளம்பாது. பயந்த நேரத்தில் பூனை ஒன்று குறுக்கே பாயும், பூனைதானா என்று மூச்சு விட்டதும் கதவு தட்டப்படும். கடைசியில் வாசலில் அவன்.

"இந்த வரிசை மாறக் கூடாது. மாறினா அது திரில்லரே இல்ல" என்றாள்.

வரிசை மாறவில்லை. மற்றதெல்லாம் மாறியது.

என்னுடைய பழைய ஷிகுலி காரைக் கிளம்பாத கார் என்று போட்டிருந்தோம். அதைவிடத் தகுதியான கார் இந்தப் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. என் மாமனார் சாவுக்கே கிளம்ப மறுத்த கார் அது. கேமரா ஓட ஆரம்பித்ததும், சாவியைத் தொட்ட மாத்திரத்தில் புதுமாப்பிள்ளை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. கடைசியில் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் காட்சியை எடுத்தோம். பூனை பாயவே இல்லை. அடுப்போரம் படுத்திருந்ததைத் தூக்கிப் போட்டால், விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டது.

இதையெல்லாம் வெட்டி ஒட்டிச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது வாசல் காட்சி.

கதாநாயகி சல்தானத், எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரி. வீடும் அவளுடையதுதான். கொலைகாரன் தொக்தோசுன், நாரின் நகரத்து நாடகக் குழு நடிகர். ஆறடி உயரம், ஓநாய்க் கண். குழந்தைகள் நாடகத்தில் பல வருடமாக அவருக்குக் கரடி வேஷம். மனசும் அந்தச் சாதுக் கரடி மனசுதான்.

காட்சி இதுதான்: வெளியே பனி கொட்டுகிறது. கதவு தட்டப்படுகிறது. சல்தானத் திறக்கிறாள். தொக்தோசுன் நிற்கிறார். பேச்சு இல்லை. அவர் உள்ளே நுழைகிறார், அவள் பின்வாங்குகிறாள்.

முதல் முறை கதவைத் திறந்ததும் சல்தானத், "ஐயோ, பனியில நிக்கிறீங்களே அண்ணே, உள்ள வாங்க!" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"கட்! சல்தானத் அக்கா, அவரு உங்களைக் கொல்ல வந்திருக்காரு."

"தெரியுதுடீ. அதுக்காகப் பெரிய மனுஷனை வாசப்படிக்கு வெளிய நிக்க வச்சா நல்லாவா இருக்கு?"

இரண்டாவது முறை பேசவில்லை. ஆனால் கை தானாக அருகில் இருந்த மேசைக்குப் போய், ரொட்டித் தட்டை எடுத்து நீட்டிவிட்டது. எங்கள் ஊரில் வாசலுக்கு வந்தவர் ஒரு துணுக்காவது கிள்ளி வாயில் போடாமல் போகக் கூடாது. அவசரமாக வந்தவரானாலும் சரி, சண்டை போட வந்தவரானாலும் சரி. இது அவள் கைக்குத் தெரியும், திரில்லர் தெரியாது. தொக்தோசுனின் கைக்கும் தெரியும். நீட்டிய ரொட்டியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடியே கொலைப்பார்வை பார்த்தார்.

"கட்! என்னண்ணே மெல்லுறீங்க?"

"நீட்டினாங்களேம்மா. நல்ல ரொட்டி. வீட்டுல சுட்டதா?"

"காலைலதான் சுட்டேன். கொஞ்சம் வெண்ணெய் தரட்டுமா?" என்றாள் சல்தானத்.

ரொட்டியை வேறு அறைக்கு அனுப்பினோம். சல்தானத் வெறுங்கையோடு கதவைத் திறந்தாள், திருதிருவென்று விழித்தாள், அந்த அறைக்கே ஓடிப்போய் எடுத்துவந்தாள். அறையைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டேன். அப்போது அவள் முகத்தில் பயத்துக்குப் பதிலாக அவமானம் வந்தது. வீட்டில் ஒன்றுமில்லாத ஏழை மாதிரி நின்றாள். கொலைகாரனும் அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஒஸ்மோன்பெக் மறுநாள் வருகிறார். நுர்சாத் படிக்கட்டில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றித் தலையைப் பிடித்துக்கொண்டாள். பேனர் அவள் கண்முன் விரிகிறது என்று எனக்குப் புரிந்தது. பிறகு சட்டென்று எழுந்து தொக்தோசுனைத் தனியாக மாட்டுத்தொழுவப் பக்கம் கூப்பிட்டாள். மைக்கோடு நானும் போனேன்.

"அண்ணே, ரொட்டி வரட்டும். அவங்க நீட்டட்டும். நீங்க எடுக்காதீங்க. தள்ளி விட்டுட்டு உள்ள போங்க."

தொக்தோசுனின் முகம் வெளுத்துவிட்டது.

"என்னம்மா பேசுறே? கழுத்தை நெரிக்கச் சொல்லு, நெரிக்கிறேன். வீட்டைக் கொளுத்தச் சொல்லு, கொளுத்துறேன். ரொட்டியத் தள்ளுறதா? எங்கம்மா நாரின்ல உசுரோட இருக்காங்க. படத்தைப் பாப்பாங்க."

"நடிப்புதானேண்ணே."

"கொலை பண்ணா நடிப்புன்னு அம்மா நம்புவாங்க. ரொட்டிய வேணாம்னு சொன்னா, புள்ளைய ஒழுங்கா வளர்க்கலைன்னு ஊரே சொல்லும்."

நுர்சாத் கெஞ்சினாள். பேனரைப் பற்றிச் சொன்னாள். அதில் இருந்த வாசகத்தையும் சொன்னாள். 'பழைய அன்பு, புதிய கேமரா' என்றதும் தொக்தோசுன் கொஞ்சம் இளகினார். கலைஞர் அல்லவா! தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையுறை போட்டிருக்கேன்ல?"

"ஆமாண்ணே."

"அப்படின்னா என் கை படல. கையுறைதான் தள்ளுது."

"கையுறைதாண்ணே. கையுறை மேலதான் பாவம்."

அப்படியும் மனசு கேட்காமல், என்னிடம் சாவி வாங்கி, அந்த அறைக்குப் போய் ஒரு பெரிய துண்டு ரொட்டியை முன்கூட்டியே தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். பிறகு ரொட்டித் தட்டை மேசைக்குக் கொண்டுவந்தோம். சல்தானத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. "உங்க இஷ்டம்போலச் செய்யுங்க அக்கா" என்றாள் நுர்சாத். அவள் முகம் மலர்ந்தது.

கதவு தட்டப்பட்டது. சல்தானத் திறந்தாள். புன்சிரிப்போடு தட்டை நீட்டினாள். தொக்தோசுன் ரொட்டியைப் பார்த்தார். கறுப்பு விரல் ஒன்று மெல்ல எழுந்தது, தட்டின் விளிம்பைத் தொட்டு ஓரமாகத் தள்ளியது. சல்தானத்தின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. இரத்தம் சுண்டிய முகம் என்று எழுதுவார்களே, அதை அன்றுதான் நேரில் பார்த்தேன். தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினாள். என் ஹெட்போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. 'கட்' சொல்ல நுர்சாத் மறந்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மன்றம் நிறைந்திருந்தது. ஒஸ்மோன்பெக் நடு வரிசையில், சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு.

பூட்ஸைக் காட்டியதும், "சந்தையில கடைசிக் கடையில வாங்கினது" என்றது ஒரு குரல். போனில் சிக்னல் இல்லாதபோது, "கூரை மேல ஏறுடீ, நாங்க எல்லாம் ஏறலையா?" என்றார்கள். கார் கிளம்பாததற்குக் கைதட்டல், எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பூனைக்குச் சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. ஒஸ்மோன்பெக்கும் சிரித்தார். பின்வரிசையில் நின்ற அண்ணன் தங்கையின் தோளில் அன்பாகத் தட்டினார். அந்தத் தட்டலில் அவள் இன்னும் குறுகிப்போனாள்.

வாசல் காட்சி வந்தது. தட்டு நீண்டது. கறுப்பு விரல் அதைத் தள்ளியது.

மன்றத்தில் விதை கொறிக்கும் சத்தம் நின்றது. எங்கோ ஒரு பெண், "ரொட்டிய வேணாங்கிறான்!" என்று கிசுகிசுத்தாள். "அப்ப இவன் எதுக்கும் துணிஞ்சவன்" என்றது ஒரு நடுங்கின ஆண் குரல். அவன் வாசற்படியைத் தாண்டியதும் முன்வரிசையே கால்களை நாற்காலி மேல் தூக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு கத்தி வந்ததும் கொலை நடந்ததும் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. கொல்லாமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பார்கள்.

விளக்கு எரிந்ததும் ஒஸ்மோன்பெக் கையிலிருந்த விதைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு நுர்சாத்திடம் வந்தார்.

"ஒரு வாரம் ஓட்டுறேன். பூனையத் தூக்கிடு. ரொட்டியத் தொடாதே."

அண்ணன் வெளியே போனார். பேனரைக் கொட்டகையிலிருந்து எடுத்து ஷிகுலியின் மேல் பனி விழாமல் போர்த்தினார். நுர்சாத்தின் முகம் இருந்த பக்கத்தை மட்டும் உள்ளே மடித்துவிட்டார்.

பாதிக்கப்பட்டவர் தொக்தோசுன் ஒருவர்தான். மன்றத்தை விட்டு அவர் வெளியே வருவதற்குள் வாசலில் பெண்கள் ஆளுக்கொரு ரொட்டியோடு நின்றார்கள். "தின்னு, நாங்க பாக்கணும்" என்றார்கள். வரிசையாக ஒவ்வொன்றிலும் கிள்ளித் தின்றார். பஸ் நிலையம் போகும்வரை இதேதான். ஏறுவதற்கு முன் நுர்சாத்தைக் கூப்பிட்டு ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். அவள் மறுக்கவில்லை.

அதனால் பிஷ்கெக்கில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், கடைசியில் பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்தபின் ஒரு வரியையும் பார்த்திருப்பார்கள்: 'இந்தப் படத்தில் ரொட்டியை மறுத்த நடிகர், காட்சிக்கு முன்பும் பின்பும் அதே ரொட்டியைச் சாப்பிட்டார். அவருடைய தாயார் இதைக் கவனிக்கவும்.'