பூர்மகான் கொண்டுவந்த பணம்

எங்கள் கிர்கிஸ் பணத்தில் ஆறாயிரத்து எண்ணூற்றைம்பது சோம். பக்கத்து வீட்டு பூர்மகான், மாட்டுத் தீவனத்துக்கென்று என் மனைவி சாய்ராவிடம் வாங்கிய கடன். எட்டு வருடத்தில் மாடு செத்துப்போனது. கடன் மட்டும் ஆரோக்கியமாக இருந்தது.

சாய்ராவுக்கு மார்பில் புற்றுநோய் வந்து மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்பை எடுத்தார்கள். இந்த வசந்தத்தில் இடுப்பு வலி. பட்டணத்து ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி குத்திப் பார்த்தார்கள். டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, மஜ்ஜை வரை பரவிவிட்டது, அவளிடம் சொல்லாதீர்கள், மனசு உடைந்துவிடும் என்றார். உடம்பு அவளுடையது, செய்தி எங்களுடையது.

எலும்பில் உப்புப் படிந்திருப்பதாக அவளிடம் சொன்னேன். உடனே வீட்டில் உப்பை நிறுத்திவிட்டாள். இரண்டு மாதம் உப்பில்லாத ஆட்டுச் சூப்பைக் குடித்து என் பொய்க்கு விசுவாசமாக இருந்தேன். உண்மையை என் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். ரகசியம் காப்பதில் அவர் கெட்டிக்காரர். ஊரில் ஒவ்வொருவரிடமும் ரகசியமாகவே சொன்னார்.

மாஸ்கோவில் பாத்திரம் கழுவும் மகள் அல்தினாயைப் பார்க்கவேண்டும் என்று சாய்ரா தினமும் கேட்டாள்.

"உப்புக்கெல்லாம் வேலைய விட்டுட்டு வருவாளா?" என்பேன்.

செவ்வாய்க்கிழமை பூர்மகான் வந்தாள். கைக்குட்டையில் முடிந்த பணத்தைப் படுக்கையில் வைத்தாள்.

"அக்கா, ஆறாயிரத்து ஐந்நூறு இருக்கு. மனசுல எதையும் வெச்சுக்காதீங்க."

சாய்ரா பணத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏய்யா, எனக்கு எத்தன நாள் இருக்கு?"

"சும்மா உப்புதான்..."

"எட்டு வருஷமா என்னைக் கண்டா வேலிக்குப் பின்னாடி குனிஞ்சு போனவ இவ. உப்புக்கா காசு கொண்டாந்த, பூர்மகான்? மறுமையில வந்து கேப்பேன்னு பயந்துதானே?"

பூர்மகான் ஓவென்று அழுதாள். ஆஸ்பத்திரி அறிக்கையைவிட அது தெளிவாக இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டே மஜ்ஜையைப் பற்றிச் சொன்னேன்.

சாய்ரா அழவில்லை.

"ரெண்டு மாசம்யா. எம்பொண்ணு கூட இருந்திருக்கலாம். போனைப் போடு. இந்தக் காசு அவ டிக்கெட்டுக்கு."

அல்தினாய் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "ஞாயித்துக்கெழம வந்துடறேம்மா," என்றாள்.

பூர்மகான் மூக்கைச் சிந்தினாள். "மீதி முந்நூத்தம்பது அடுத்த மாசம் தந்துடறேன் அக்கா."

"அடுத்த மாசமா? டாக்டருக்கே இல்லாத நம்பிக்கை உனக்கு என் மேல இருக்கேடி! விட்டுட்டேன், போ."