வாளிக்குள் போன ஊமத்தை

கேளுங்கள் கண்ணுகளா, ஊமத்தை விதையைத் தின்றால் பைத்தியம் பிடிக்கும். பூச்சிமருந்து குடித்துவிட்டு உயிருக்கு இழுத்துக்கொண்டிருப்பவனுக்கு அதே விதையிலிருந்து எடுத்த ஆட்ரோபின் மருந்தைத்தான் டாக்டர் ஊசியில் ஏற்றுவார். கெடுக்கவும் தெரியும், கொடுக்கவும் தெரியும், சில சம்பந்திகளைப் போல.

வீட்டு மாடியில் அந்த ஆட்ரோபினை எடுக்கிற சின்ன லேபுக்கு மாமியார் முதலாளி, மருமகள் கெமிஸ்ட். மாமியாரின் முழங்கால் மாடி ஏறமாட்டேன் என்கிறது. இன்றைய சரக்கு ஒழுங்காக வந்தால் லேப் சாவி மருமகளுக்கு, சொதப்பினால் கொழுந்தனுக்கு. கொழுந்தனோ சுளுக்கு என்று கட்டிலில் கிடந்து போன் பார்க்கிறான். வேலையே செய்யாதவனிடம் என்ன தப்பைக் கண்டுபிடிப்பது?

ஆட்ரோபின் போன்ற ஆல்கலாய்டுகளுக்குப் புது மாப்பிள்ளை குணம். அமிலம் ஊற்றினால் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும். காரம் ஊற்றினால் தண்ணீரை உதறிவிட்டு ஈதர் என்கிற கரைப்பான் வீட்டில் போய்க் காலை நீட்டிவிடும். குழாய் வைத்த கண்ணாடிப் புனலில் குலுக்கி நிறுத்தினால் ஈதர் மேலே மிதக்கும். அடியில் நிற்கும் தண்ணீரைக் கழிவு வாளியில் விட்டுவிட்டு, மேலே இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். மருமகளின் கைக்கு இது மனப்பாடம்.

அன்று ஈதர் தீர்ந்துபோயிருந்தது. குளோரோஃபார்மை ஊற்றினாள். அது தண்ணீரைவிடக் கனம், அடியில் போய்ப் படுக்கும். தலைக்கு இது தெரியும், கைக்குத் தெரியவேண்டுமே. குழாயைத் திறந்தாள். விதையின் சாரம் மொத்தமும் சளசளவென்று வாளிக்குப் போயிற்று. மிச்சமிருந்த தண்ணீரை அவள் பயபக்தியோடு காய்ச்சினாள். காரமாக ஊற்றிய அம்மோனியாவின் நாற்றம் மட்டும் மூக்கைத் துளைத்தபோதுதான் தலை கையைத் திட்டியது. இனி விதை அடுத்த பருவத்தில்தான்.

கீழேயிருந்து குரல் வந்தது. "என்னம்மா, ஆச்சா?"

"ஆயிட்டே இருக்கு அத்தை."

"ஆயிட்டே இருக்குன்னா ஆகலைன்னு அர்த்தம். இரு, வரேன்."

நல்லவேளை, ஒவ்வொரு படியிலும் நின்று முழங்காலைத் திட்டிவிட்டுத்தான் மாமியார் அடுத்த படி ஏறுவார். அதற்குள் மருமகள் வாளியை இழுத்தாள். மாப்பிள்ளை எங்கே ஒளிந்திருந்தாலும் அமிலத்தைக் காட்டினால் தண்ணீருக்கு ஓடிவருவார் அல்லவா? நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றிக் கலக்கினாள். தெளிந்த தண்ணீரைப் பிரித்து ஜன்னல் வெயிலில் பிடித்தாள்.

நீலமாக ஒளிர்ந்தது.

ஆட்ரோபினுக்கு இந்தப் பவிசு கிடையாது. கந்தக அமிலத்தில் நின்று நீலம் காட்டுவது கொயினா, மலேரியாவுக்குக் கொடுக்கிற கசப்பு. மரப்பட்டையிலிருந்து கொயினா எடுப்பது கொழுந்தனின் வேலை. அவன் படுத்துவிட்டதால் நேற்று மாமியாரே செய்தார். "பட்டையில ஒண்ணுமே இல்ல" என்று வியாபாரியைப் போனில் கிழித்துத் தோரணம் கட்டினார். வாளியோ நேற்றுக் காலையில்தான் கழுவிவைத்த வாளி.

மாமியார் மூச்சு வாங்க உள்ளே வந்தார். "என்னது, நீலமா?"

"என் ஊமத்தையை வாளியில விட்டுட்டேன் அத்தை. திரும்பக் கூப்பிட்டேன். துணைக்கு இன்னொருத்தரும் வந்திருக்காரு."

மாமியார் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "நேத்து நான் ஊத்தினது ஈதரா, குளோரோஃபார்மா?"

"ஈதர் போன வாரமே தீந்துடுச்சு அத்தை."

மாமியார் தன் வலது கையை இடது கையால் ஓர் அடி அடித்தார். "அந்தப் பட்டைக்காரனோட பாட்டன் வரைக்கும் இழுத்துட்டேனே."

வாளியை எட்டிப் பார்த்தார். பிறகு மாமியாருக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மருமகளுக்கு மூச்சு வந்தது.

"காரம் சொட்டி அமிலத்தைக் கொஞ்சம் குறைச்சு ஆறவிடும்மா. கொயினா ஊசி ஊசியா அடியில உக்காரும். உன் ஊமத்தை தண்ணியிலயே நிக்கும்."

அப்படியே நடந்தது. சாயங்காலம் ஆட்ரோபின் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாக, ஆனால் சுத்தமாக வந்தது. மாமியார் சாவியை இடுப்பிலிருந்து உருவி மருமகள் கையில் வைத்தார்.

"சுளுக்குக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன். பட்டைக்காரனுக்கு நீ போன் போடு."

"நானா? என்னன்னு சொல்றது அத்தை?"

"எனக்கென்ன தெரியும்," என்றார் மாமியார், படியிறங்கிக்கொண்டே. "முதலாளி நீதானே."