பாதி வீடு விளையாட்டுக்கு

சனிக்கிழமை காலையில் மாரியம்மன் கோயில் மைதானத்தில் வெள்ளை லொறி ஒன்று நிற்பதைப் பார்த்ததும் பேச்சியம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் கொதித்த தேத்தண்ணியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, பத்திரக் கடதாசிகள் வைத்த பையைத் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வெளியே ஓடி வந்தாள்.

முந்தின நாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கு ஐயா தெளிவாகத்தான் படித்துச் சொன்னார். பிரஜாவுரிமை இல்லாதவர்களைப் பதிவதற்கு அதிகாரிகள் வருகிறார்கள், நோர்வூட்டில் பாடசாலை மண்டபத்தில், பகல் பன்னிரண்டு மணி வரைக்கும். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் போன வருஷம் கண் வைத்தியம் பார்க்க வந்த லொறியும் இதே வெள்ளை நிறம்தான். இதே மைதானத்தில்தான் நின்றது. அதற்கும் பக்கத்தில் இரண்டு படியும் ஒரு ஜன்னலும் இருந்தன. கண் பார்க்கவே மலையேறி வந்தவர்கள் பிரஜாவுரிமைக்கு வரமாட்டார்களா என்ன? நோர்வூட் வரைக்கும் நம்மை ஏன் அலைக்கழிப்பான் என்று மனமிரங்கி வந்துவிட்டார்கள் என்றே லயத்துச் சனம் முடிவு கட்டியது. நூற்றைம்பது வருஷம் வரிசையில் நின்ற சனத்துக்கு ஜன்னல் வைத்த லொறியைக் கண்டால் கால் தானாக வரிசை கட்டிவிடும்.

ஆறரை மணிக்கெல்லாம் பதினொரு பேர் நின்றார்கள். முதல் ஆள் பேச்சியம்மா. அவளுக்குப் பின்னால் வீரம்மா, அழகன், மற்றவர்கள்.

பேச்சியம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. புருஷன் பழனியாண்டிக்கு அடையாள அட்டை இருக்கிறது. இரண்டு மகள்களுக்கும் இருக்கிறது. வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் இல்லை. அவளுடைய அப்பா எழுபதுகளில் குடும்பம் முழுவதற்கும் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தார். அதை எடுத்துக்கொண்டு இந்தியாவுக்குப் போய்ச் சேருவதற்குள் எண்பத்து நாலில் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனது. அன்றிலிருந்து அவள் அந்த நாட்டுக்கும் ஆளில்லை, இந்த நாட்டுக்கும் ஆளில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் மூத்த மகளைப் பார்க்கக் கொழும்புக்குப் பஸ் ஏறியபோது, பாதி வழியில் சோதனைச்சாவடியில் அட்டை கேட்டு அவளை மட்டும் இறக்கினார்கள். தோட்டத்துக் கிளாக்கர் வந்து சாட்சி சொல்லும் வரை, காலை முதல் பொழுது சாயும் வரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு நோர்வூட்டைத் தாண்டி அவள் கால் வைக்கவில்லை. மகள் பிள்ளை பெற்றதற்கும் போகவில்லை.

இன்றைக்கு விட்டால் கொழும்புக்குப் போய்த்தான் பதிய வேண்டும் என்று கண்டாக்கு சொல்லியிருந்தார். கொழும்புக்குப் போக அட்டை வேண்டும். அட்டை வேண்டுமென்றால் கொழும்புக்குப் போக வேண்டும். இந்தக் கணக்கை நினைத்து நினைத்துத்தான் இரவெல்லாம் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

ஏழு மணிக்கு ஜன்னல் திறந்தது. பல் விளக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். வயது முப்பத்தைந்து இருக்கும். பதினொரு பேர் கடதாசியோடு நிற்பதைக் கண்டதும் பிரஷ் அப்படியே நின்றது. பேச்சியம்மா தன் பாஸ்போர்ட்டையும் பிறப்புச் சான்றிதழையும் இரண்டு கையாலும் நீட்டினாள். அந்தப் பெண்ணும், பாவம், நீட்டியதை வாங்காமல் இருப்பது மரியாதையில்லை என்று நினைத்தாளோ என்னவோ, வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அவள் பெயர் ரோகினி. புருஷன் லக்ஸ்மன் கொழும்பில் எஞ்ஜினியர். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் யாழ்ப்பாணம். தோட்டத்துத் துரையிடம் அனுமதி கேட்டு முதல் நாள் இரவு, லயம் அடங்கிய பிறகுதான் மைதானத்தில் லொறியை நிறுத்தியிருந்தார்கள். அதிகாரியுமில்லை, டாக்டருமில்லை, ஊர் சுற்ற வந்தவர்கள். இதைக் கேட்டதும் அழகன் தலையில் கை வைத்தான். எட்டேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒரு மணிக்குத்தான். வரிசை கலைந்து, லயத்துக்கு ஓடி முகம் கழுவி, துணி மாற்றி, ரோட்டுக்கு இறங்கப் புறப்பட்டது.

பேச்சியம்மாவும் புறப்பட்டவள்தான். மற்றவர்களோடு மைதானத்தைக் கடக்கும்போது பின்னால் சங்கிலிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். லக்ஸ்மன் லொறியின் பின்சுவரை அப்படியே கீழே சாய்த்துக்கொண்டிருந்தான். சுவர் தரையைத் தொட்டு ஒரு சரிவுப் பாதையாகிவிட்டது. அதன் வழியாக உள்ளேயிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் இறங்கியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. உயரமான, முள்ளு முள்ளான டயர் போட்ட, சேறு காயாத சைக்கிள்கள். வீட்டின் வயிற்றுக்குள்ளிருந்து வாகனம் பிறந்து வருவதை அவள் அன்றுவரை கண்டதில்லை. வாய் பிளந்தது பிளந்தபடி நின்றாள்.

வீரம்மா கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வருகிறேன், நீங்கள் நடங்கள் என்று இவள் சொன்னாள். அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீண்டது என்பது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

ரோகினி உள்ளே கூப்பிட்டாள். பேச்சியம்மா செருப்பைப் படிக்குக் கீழே கழற்றிவிட்டு ஏறினாள். சுவரோடு மடங்கி நிற்கும் கட்டில். இழுத்தால் மேசை, தள்ளினால் பெட்டி. குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது. லயத்துப் பீலியில் அவள் குடத்தோடு முக்கால் மணி நேரம் நிற்பாள். இங்கே லொறிக்குள் தண்ணீர் வருகிறது. ஒரு சின்ன அடுப்பு, இரண்டு கோப்பை, ஒரு பூச்சட்டி கூட இருந்தது. நடுவில் ஒரு கதவு. அதைத் திறந்தால் சைக்கிள்கள் நின்ற அறை. தரையில் இரும்பு வளையங்கள், கட்டுவதற்கு நாடாக்கள், சுவரில் ஆணி ஆணியாகச் சைக்கிள் திருத்தும் ஆயுதங்கள், தொப்பிகள், சேற்றுச் சப்பாத்துகள். சைக்கிளை இறக்கிவிட்டால் அந்த அறையில் பாய் விரித்து நான்கு பேர் படுக்கலாமாம்.

பேச்சியம்மா சாண் போட்டு அளந்தாள், சும்மா விடுவாளா. ஆள் இருக்கும் பக்கமும் சைக்கிள் இருக்கும் பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு குடித்தனம் நடத்தியவள் அவள். பொறாமை வரவில்லை. மலை உச்சியில் நின்று முதல் முறை பள்ளத்தாக்கைப் பார்ப்பவளுக்கு வருகிற மாதிரி ஒரு திகைப்புத்தான் வந்தது.

"ஏங்க நோனா, மனுசருக்குப் பாதி, வெளையாட்டுச் சாமானுக்குப் பாதியா? கோளாறா இருக்கே" என்று கேட்டேவிட்டாள்.

ரோகினி சிரித்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றினாள். தன்னை அக்கா என்று கூப்பிட்ட ஒருத்தி தனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருவதும் பேச்சியம்மாவுக்கு அன்றைய அதிசயங்களில் ஒன்று. முன்பெல்லாம் சைக்கிளை வாடகை வேனில் ஏற்றி வருவார்களாம். தங்குமிடம் ஓரிடத்தில், சைக்கிள் வேறிடத்தில். இரவு முழுக்க மழையில் நனையுமோ, களவு போகுமோ என்று லக்ஸ்மன் ஜன்னலிலேயே நிற்பானாம். சேற்றோடு திரும்பி வந்தால் தங்குமிடக்காரர் முகத்தைச் சுளிப்பார். கடைசியில் அவன் மலைக்கும் அவள் வீட்டுக்கும் என்று ஆளுக்கொரு திசையாகிப் போனார்கள். இப்போது சைக்கிள் உடைந்தால் படுக்கைக்குப் பக்கத்திலேயே கழற்றிப் பூட்டித் திருத்திக்கொள்ளலாம். எந்த மலை பிடிக்கிறதோ அங்கே நிற்கலாம். அவளும் ஓட்டப் பழகிவிட்டாள். இரண்டாவது சைக்கிள் அவளுடையது.

அதைச் சொல்லிவிட்டு ரோகினி தன் கோப்பையைக் கழுவி வைத்தாள்.

"தொண்ணூத்தஞ்சில சண்டையால இடம்பெயரேக்கை சட்டி, பானை, அரிசி எல்லாத்தையும் சைக்கிளில கட்டினம் அக்கா. நான் என்ரை பட்மின்டன் மட்டையையும் செருகினன். அப்பா இழுத்து வெளியில போட்டிட்டார். அவரிலை பிழையில்லை, அரிசிக்கே இடம் காணாது. பிறகு வீடும் இல்லை, மட்டையும் இல்லை. அப்பதான் எனக்கு விளங்கினது. தேவையானதை மட்டும் ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டா அது ஓட்டம். தேவையில்லாததையும் ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டாத்தான் அது பயணம்."

பேச்சியம்மா விரலை மடக்கத் தொடங்கினாள். தன் வாழ்க்கையில் போன இடங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க நோர்வூட். சாவு வீடு. கல்யாண வீடு. பிள்ளையைச் சேர்க்க ஹட்டன் பாடசாலை. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, எல்லாவற்றிலும் பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டியிருந்தது. மனதுக்குப் பிடித்ததைக் கையோடு எடுத்துக்கொண்டு ஒருத்தி வீட்டை விட்டுப் புறப்படலாம் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று நினைத்தாள்.

கீழே வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது.

அவள் படியில் இறங்கி ஓடி, மைதானத்து ஓரத்துக்கு வந்தபோது பஸ் தேயிலைக்கு நடுவில் சின்னதாகத் தெரிந்தது. நோர்வூட் ஒன்பது மைல். போன மழையில் வழுக்கி விழுந்த வலது முழங்கால் இரண்டு மைலுக்கு மேல் தாங்காது. பேச்சியம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். யாரையும் குறை சொல்ல முடியவில்லை. கடவுள் இருபது வருஷம் கழித்து ஒரு கதவைத் திறந்தார்; அவளோ பக்கத்துக் கதவை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

லக்ஸ்மன் லொறியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். ஆனால் லொறியை மட்டம் பார்த்துக் கட்டை வைத்துத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். இறக்கி, எல்லாவற்றையும் கட்டி, அந்த ஒடுங்கிய வளைவுகளில் உருட்டிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் வரிசை நீண்டுவிடும், முறை வருவதற்குள் மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள். ரோகினி உள்ளே போய் இரண்டு தலைக்கவசங்களோடு வந்தாள்.

கவசம் கொண்டைக்கு மேல் ஏறவில்லை. பேச்சியம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டாள். கொழுந்துக்குப் போகிறபோது செய்கிற மாதிரி சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஆண்பிள்ளை மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். பழனியாண்டி பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சோறு இறங்கியிருக்காது.

ரோட்டால் போகாதீர்கள், குறுக்கே போகலாம் என்று அவள்தான் வழி சொன்னாள். ஏழாம் நம்பர் மலை, பிறகு பத்தாம் நம்பர், தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் இறங்கும் கொழுந்துப் பாதை, ஆற்றுப் பாலம். முப்பது வருஷம் கூடையோடு ஏறி இறங்கிய பாதைகள். ஒவ்வொரு கல்லும் அவளுக்குத் தெரியும். காலை முழுவதும் பறித்தும் முடியாத ஏழாம் நம்பர் மலை, மூச்சு இழுத்து விடுவதற்குள் பின்னால் போய்விட்டது. கொழுந்து பறித்த பெண்கள் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். ஒருத்திக்கும் ஆளை அடையாளம் தெரியவில்லை. காற்று முகத்தில் அடித்தது. பயமும் சந்தோஷமும் பிரித்தறிய முடியாமல் ஒன்றாக வந்தன. "இந்தப் பக்கம் புள்ள, இந்தப் பக்கம்" என்று கத்திக்கொண்டே வந்தாள். நோனா எந்த வளைவில் புள்ளையானாள் என்பதை அவள் கவனிக்கவில்லை.

பஸ்ஸுக்கு முன்னால் வந்து சேர்ந்தார்கள். வீரம்மாவும் அழகனும் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, தலைவிரி கோலமாக ஒருத்தி மண்டப வாசலில் தங்களுக்கு முன்னால் நிற்பதைக் கண்டு திடுக்கிட்டுப் போனார்கள்.

அதிகாரி சிங்களவர், நரைத்தவர். தமிழ் கொஞ்சம் பேசினார். பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினார். ஏன் போகவில்லை என்று கேட்டார். கப்பல் நின்றுவிட்டது என்றாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மாவுக்கு இங்க இருக்க விருப்பமா?"

பேச்சியம்மாவிடம் பெயர் கேட்டிருக்கிறார்கள், சம்பளப் பதிவின் செக்ரோல் நம்பர் கேட்டிருக்கிறார்கள், எத்தனை கிலோ கொழுந்து என்று கேட்டிருக்கிறார்கள், அட்டை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். விருப்பமா என்று நாற்பத்தெட்டு வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

"விருப்பம்தாங்க" என்றாள். தன் குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். இதைக் காட்டி அடையாள அட்டைக்கு எழுதலாம், அதுவரை யார் கேட்டாலும் இந்தக் கடதாசியைக் காட்டலாம் என்றார்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ரோகினி கடதாசியை வாங்கி வாசித்துப் பார்த்து, மடித்து, அவள் கையிலேயே கொடுத்தாள். பிறகு ரோகினி சைக்கிளைத் தோட்டத்துப் பக்கமாகத் திருப்பினாள். பேச்சியம்மா ஏறவில்லை. ஹட்டன் ரோட்டை விட்டுப் பிரிந்து எதிர்ப்பக்கமாகப் போகிற சின்ன ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புள்ள, இந்த ரோட்டு எங்க போய் முடியுது?"

தெரியாது என்றாள் ரோகினி. பேச்சியம்மாவுக்கும் தெரியாது.

"அப்ப ஒருக்கா போய்ப் பாத்துட்டு வருவமா?"

"ஏனக்கா, அங்க ஏதும் அலுவல் இருக்கோ? ஆரும் சொந்தக்காரரோ?"

"ஒருத்தருமில்ல புள்ள, ஒரு வேலையுமில்ல" என்றாள் பேச்சியம்மா, கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டே. "பாக்கணும்போல இருக்கு."