ஆஸ்பத்திரித் துண்டு

கல்லெறிபட்ட பஸ் பாதி வழியில் திரும்பி வந்தபோது சரீபின் தலைமுடிக்குள் கண்ணாடித் தூள் கிடந்தது. மெயின் ரோட்டில் டயர் எரிகிறது, ஒரு லொறிக்காரனை இறக்கி வெட்டிவிட்டார்கள், மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு என்று கல்முனைச் சந்தியில் கதைத்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மலைநாட்டில் அவனுக்குக் கடைசிப் பரீட்சை.

கடைசி என்றால் உண்மையிலேயே கடைசிதான். மூன்று தரத்துக்கு மேல் எழுத விடமாட்டார்கள். முதல் தரம் ஒரு பாடத்தில் கோட்டை விட்டான். அது அவன் பிழை. இரண்டாம் தரம் கலவரத்தில் ரோட்டு மூடிக் கிடந்தது. போகாததையும் ஒரு தரமாகவே எடுத்துக்கொண்டார்கள். ரோட்டு மூடினது காரணமாகாதாம். பரீட்சை தொடங்குமுன் அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்ததற்கு டாக்டர் திகதி போட்டு எழுதின துண்டு இருந்தால் மட்டும் அந்தத் தரம் கழியாது. இந்தச் சட்டத்தை எழுதின மகாராசன் ஒரு நாளாவது கல்முனை பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும்.

சரீப் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கெஞ்சினான். டாக்டர் நல்ல மனுசன்தான். ஆனாலும் காய்ச்சல் இல்லாதவனுக்குக் காய்ச்சல் என்று எழுத மாட்டேன் என்றுவிட்டார்.

வீட்டு வளவில் றாத்தாவின் புருசன் கலந்தர் விறகு கொத்திக்கொண்டிருந்தான். சந்தையில் ஒரு சொல்லுக்கு மூக்கை உடைக்கிற ஆள். சரீப் குசினிக்குள் போய் உலக்கையை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தான்.

“மச்சான், என்ட சோத்துக் கைய உடைச்சி உடுங்க.”

“ஒனக்கென்ன மூள கலங்கிட்டா?”

“கை முறிஞ்சாத்தான் படுக்க உடுவாங்க. இல்லாட்டி நாளையோட என்ட படிப்பு முடிஞ்சி.”

“அப்ப இடக்கைய உடைப்பம்.”

“இடக்கை முறிஞ்சா எழுதேலாதா எண்டு கேப்பாங்க. உம்மா வரமுதல் அடிங்க.”

விறகுக் குற்றியில் கையை நீட்டிவிட்டுச் சட்டைக் கொலரைக் கடித்துக்கொண்டான். கலந்தரின் முதல் அடி பயந்த அடி, தோல்தான் கிழிந்தது. “ஊருக்கெல்லாம் சண்டியன், எனக்கு மட்டும் பொண்டுகனா?” என்று சரீப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். இரண்டாவது அடியில் எலும்பு சடக்கென்றது. மணிக்கட்டுக்கு மேலே கை வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. சத்தம் வராமல் வாயைத் திறந்தவன் அப்படியே மயங்கி விழுந்தான்.

அடிச் சத்தம் கேட்டு வந்த சபியா உம்மா கண்டது அதைத்தான்: நிலத்தில் மகன், அவன் தலைமாட்டில் உலக்கையோடு மருமகன். கலியாணம் முடித்து வந்த நாள் தொட்டு அந்த மருமகனை ஏறெடுத்துப் பாராத மனுசி, உலக்கையைப் பறித்து அவன் மண்டையில் போட்டாள். “மாமி, கேளுங்க” என்று அவன் கையை உயர்த்தினான். விழுந்த பிறகும் இன்னொன்று போட்டாள். வளவு மண் இரத்தத்தைக் குடித்தது.

அயல் சனம் ஓடி வந்தது. மண்டை பிளந்தவனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு முறிந்தவனை எங்கே கொண்டுபோவது என்று அந்த ஊரில் எவரும் யோசிப்பதில்லை. நாட்டு வைத்தியம் பார்க்கிற பரிசாரி மீராமுகைதீனின் வீடுதான்.

சரீப் கண் விழித்தபோது கையில் மூங்கில் பத்தை வைத்து எண்ணெய்த் துணி சுற்றியிருந்தது.

“உம்மா, ஆஸ்பத்திரிக்கு...” என்று எழும்பப் பார்த்தான்.

“பேசாமப் படு மகன். வெளிய ஆமிக்காரன் சுடுறான்” என்று உம்மா அவன் நெஞ்சை அமத்தினாள்.

தெருவில் வெடிச்சத்தம் கேட்டது. விடியும்வரை சுவரைப் பார்த்து அழுதான். நோவில் அழுகிறான் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் மத்தியானம் ஊரடங்கு எடுத்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். “கை முறிஞ்ச உடனே நேத்தே வந்திருக்கலாமே தம்பி, நான் இண்டைய திகதிதானே போட ஏலும்” என்றார் டாக்டர். அவருக்கே முகம் செத்துப்போனது.

வார்டில் கலந்தர் தலைக்கட்டோடு படுத்திருந்தான். கட்டில் தலைமாட்டில் அவனுடைய துண்டு தொங்கியது. நேற்றைய திகதி, மாலை ஐந்து மணி, சீல், கையெழுத்து, எல்லாம் சரியாக இருந்தன. கலந்தர் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிப் படுத்தான்.

பின்னாலேயே ஓடி வந்த சபியா உம்மா மகனின் கட்டைத் தடவிப் பார்த்தாள்.

“பரிசாரி நல்லாப் பொருத்திட்டாரு மகன். கை கொஞ்சமும் கோணாதாம். இனி நீ எவ்வளவும் எழுதலாம்.”